பேனலை வெல்டு பண்ணாம பசை போட்டு ஒட்டினா தாங்குமா, எத்தனை காலம்?

2024 ஜூன் 4

கேள்வி வந்தது இப்படி: பின்பக்க க்வார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற பக்கத் தகடு) இடிபட்டு மாத்தக் கொடுத்தேன். வெல்டிங் வேணாம், பேனல் பாண்டிங் பசை போட்டு ஒட்டிடலாம், வெல்டிங்க விட அதுதான் ஸ்ட்ராங்குன்னு சொல்றாங்க. டியூப் மேல 25 மெகாபாஸ்கல்னு (ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன்) போட்டிருக்கு. ஓடுற வண்டியில, குலுங்குற இடத்துல, தகரத்தைத் தகரத்தோட ஒட்டினா நிக்குமா? அஞ்சாறு வருஷம் மழை வெயில்ல நின்ன பிறகு என்ன ஆகும்?

2024 ஜூன் 4, ராத்திரி

நிக்கும். ஆனா டியூப் மேல இருக்கிற 25 உங்க பேனலைப் பத்தி கிட்டத்தட்ட எதுவும் சொல்லல. அந்த நம்பர் எப்படி வருதுன்னு பாருங்க. 25 மி.மீ. அகலத்துல ரெண்டு பட்டி, ஒண்ணு மேல ஒண்ணு 12.5 மி.மீ. ஏறி நிக்கிற மாதிரி ஒட்டி, மெஷின்ல ரெண்டு முனையையும் புடிச்சு நேரா இழுப்பாங்க. ஏஎஸ்டிஎம்ங்கிற அமெரிக்கத் தர அமைப்போட டி1002 டெஸ்ட்டு அடிப்படையில இதுதான். ஒட்டின பரப்பு 312 சதுர மி.மீ. சொச்சம், 25ஆல பெருக்கினா 7,800 நியூட்டன், அதாவது 800 கிலோ எடையைத் தொங்கவிடற அளவு. கட்டைவிரல் நகம் ரெண்டு சேர்ந்த பரப்புல 800 கிலோ. கேக்கவே ஆச்சரியமாத்தான் இருக்கும், எனக்கு முதல் தடவை டெஸ்டிங் மெஷின் பக்கத்துல நின்னப்போ அப்படித்தான் இருந்துச்சு.

இப்ப அதே பட்டி, அதே பசை, நேரா இழுக்காம ஓரத்தைக் கிளப்பி உரிச்சுப் பாருங்க. எபாக்ஸிங்கிறது கெட்டியா இறுகுற பசை வகை, அதை நொறுங்காத மாதிரி நல்லா டஃப் பண்ணினதுக்கே ஒரு மி.மீ. அகலத்துக்கு 5ல இருந்து 10 நியூட்டன் வந்தா நல்ல சரக்கு. 25 மி.மீ. அகலத்துக்கு 125 முதல் 250 நியூட்டன், அதாவது 13லருந்து 25 கிலோ. அங்க 800, இங்க 25. ஒட்டின ஸ்டிக்கரை மொத்தமா நகர்த்த முடியாது, மூலையில நகம் வெச்சா கையோட வந்துடும் இல்லையா, அதே கதைதான். சறுக்கி இழுக்கிற விசைக்கு ஷியர்னு பேரு, உரிக்கிற விசைக்கு பீல். முதல்ல கேக்க வேண்டியது உங்க பேனல் மேல வர்ற விசை எந்தத் திசையில வருதுங்கிறதைத்தான்.

2024 ஜூன் 5

ஓவர்லாப்பை ரெண்டு மடங்காக்கினா பலமும் ரெண்டு மடங்காகுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஆகாது. இழுக்கும்போது பசை முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யாது, ரெண்டு ஓரமும்தான் சுமக்கும், நடுவுல இருக்கிறது பெரும்பாலும் சும்மா இருக்கும். 1938லயே வோல்கர்சன்ங்கிற ஆய்வாளர் இதுக்குக் கணக்கு போட்டுட்டார், 1944ல கோலண்டும் ரைஸ்னரும் இன்னொண்ணு சேர்த்தாங்க, என்னன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறின ஜாயின்ட்டை இழுக்கும்போது அது லேசா வளைஞ்சு திரும்புது, அதனால ஷியர்னு நாம நினைக்கிற டெஸ்ட்லயே ஓரத்துல கொஞ்சம் பீலும் வந்துடுது.

இன்னொரு சின்னக் கணக்கு. பாடி ஷீட்டு 0.8, 1 மி.மீ. தான். 1 மி.மீ. தடிமன் சாதா ஸ்டீல் பட்டி 25 மி.மீ. அகலத்துக்கு, 200 மெகாபாஸ்கல்ல இழுபட ஆரம்பிக்கும்னு வெச்சா 5,000 நியூட்டன்தான். பசை 7,800 தாங்குமாம், தகரம் 5,000லயே நீள ஆரம்பிச்சுடும். தகரம் நீண்டா அதோட சேர்ந்து ஓரத்துல பசையும் கிழிய ஆரம்பிக்கும். அதனால ஒரே பசைக்குத் தடிமனான பட்டியில ஒரு நம்பர், மெல்லிசுல ஒரு நம்பர் வரும். டியூப்ல போடுறது எந்தப் பட்டியில எடுத்ததுன்னு பாக்காம ரெண்டு கம்பெனிப் பசையை ஒப்பிடாதீங்க.

2024 ஜூன் 5, சாயங்காலம்

"உயிர் போற விஷயத்துல பசையை நம்பலாமா"ன்னு கேக்குறவங்களுக்கு. நீங்க ஏற்கனவே நம்பிட்டுத்தான் ஓட்டுறீங்க. பிரேக் ஷூவுல லைனிங்கை இரும்போட புடிச்சு நிறுத்துறது பெரும்பாலான வண்டியில பசைதான். கிறைஸ்லர் 1949 மாடல்லயே ரிவெட் இல்லாம ஒட்டின லைனிங் கொடுத்துச்சு. அதுக்கும் முன்னாடி, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, இங்கிலாந்துல டக்ஸ்ஃபோர்டுங்கிற ஊர்ல நார்மன் டி புரூய்ன் கண்டுபிடிச்ச ரீடக்ஸ் பசையில டாங்கியோட கிளட்ச் பிளேட்டை ஒட்டினாங்க. அதே பசை டி ஹாவிலண்ட் ஹார்னெட் விமானத்துக்கும் போச்சு. ஃபீனாலிக்ங்கிற செயற்கைப் பிசினை வெச்சு, மேல பாலிவினைல் ஃபார்மல்ங்கிற பிளாஸ்டிக் பொடி தூவி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுறது. சும்மா ஃபீனாலிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும், அந்தப் பொடிதான் அதுக்கு ஒரு வளைஞ்சு கொடுக்கிற குணத்தைத் தந்துச்சு. இன்னிக்கு எபாக்ஸியில ரப்பர் துகள் கலக்குறதும் அதே யோசனைதான்.

பிரேக் லைனிங் கழண்டு வந்ததைப் பாத்தவங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, பசை உடைஞ்சா வந்துச்சு? நான் கழட்டிப் பாத்த வரைக்கும், கிளம்பி நின்ன லைனிங்குக்குக் கீழ முக்காவாசி துருதான் இருந்திருக்கு. ஓரத்துல ஈரம் இறங்கி, இரும்பு துருப்பிடிச்சு, துரு தகட்டை விட அதிக இடம் எடுக்கும்ங்கிறதால லைனிங்கைக் கீழருந்து தூக்கும். பசை கெடல. பசை புடிச்சிருந்த இரும்புதான் காலியாச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க, கீழ எழுதப்போறது எல்லாம் இதைச் சுத்தித்தான்.

2024 ஜூன் 7

தண்ணி. இந்த விஷயத்துக்கு மொத்தமா ஒரு எதிரின்னா அது தண்ணிதான்.

எபாக்ஸி பாக்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் தண்ணியை மெதுவா உறிஞ்சும். உறிஞ்சினா கொஞ்சம் மெத்துனு ஆகும், இளகுற வெப்பநிலை இறங்கும். அது கூடப் பரவாயில்ல, காஞ்சா பெரும்பாலும் திரும்ப வரும். திரும்ப வராதது பசையும் உலோகமும் சேர்ற எல்லைக்கோட்டுல நடக்கிறது. உலோகம் மேல எப்பவும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், பசை புடிக்கிறது அதைத்தான், சுத்த உலோகத்தை இல்ல. தண்ணிக்கு அந்த ஆக்சைடு மேல பசையை விட அதிக ஆசை. மெதுவா ஊர்ந்து போய் பசையைத் தள்ளிட்டுத் தான் உக்காந்துக்கும். அலுமினியத்துல இன்னும் மோசம், ஆக்சைடே தண்ணியைக் குடிச்சு வேற பொருளா மாறி, பொலபொலன்னு ஆயிடும், அதைப் புடிச்சுட்டு இருந்த பசை அந்தரத்துல நிக்கும்.

இதுல கஷ்டம் என்னன்னா, ஒட்டின மறுநாள் இழுத்துப் பாத்தா ஒண்ணும் தெரியாது. துடைக்காம ஒட்டினதும் முறையா செஞ்சு ஒட்டினதும் சில சமயம் கிட்டத்தட்ட ஒரே நம்பர் கொடுக்கும். விமானக்காரங்க இதைப் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. 1960, 70கள்ல ஒட்டின பாகங்கள் சர்வீஸ்ல விட்டுப்போக ஆரம்பிச்சப்போதான் வெட்ஜ் டெஸ்ட்னு ஒண்ணை எடுத்தாங்க: ஒட்டின ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஒரு ஆப்பு அடிச்சு வெச்சு, ஓரத்துல விரிசல் எங்க நிக்குதுன்னு கோடு போட்டு, சூடான ஈரப்பதத்துல வெச்சுடுவாங்க. மோசமா தயார் பண்ணினதுல விரிசல் விறுவிறுன்னு ஓடிடும், நல்லதுல கொஞ்சம் நகர்ந்து நின்னுடும். மெஷின் கூட வேணாம். பாஸ்பாரிக் ஆசிட் அனடைசிங்னு (அமிலத்துல மின்சாரம் விட்டு அலுமினியம் மேல புடிப்பான ஆக்சைடு வளர்க்கிறது) போயிங் கொண்டு வந்த முறை இந்த டெஸ்ட்ல ஜெயிச்சு வந்ததுதான்.

இதுக்கு விலை கொடுத்த சம்பவம் 1988 ஏப்ரல் 28, ஹவாய். அலோஹா ஏர்லைன்ஸ் 737, 24,000 அடி உயரத்துல மேல்கூரை 18 அடி நீளத்துக்குப் பிச்சுக்கிட்டுப் போச்சு. விமானப் பணிப்பெண் ஒருத்தர் இறந்துட்டாங்க. அந்த விமானம் 1969ல செஞ்சது, 89,000 தடவைக்கு மேல ஏறி இறங்கினது, உப்புக்காத்துல. தோல் தகடுகளோட ஜாயின்ட்டுல சூடு கொடுக்காம அறை வெப்பத்துலயே இறுகுற எபாக்ஸி துணிப் பட்டியும் ரிவெட்டும் சேர்ந்து இருந்துச்சு. கணக்குப்படி பசை சுமை எடுக்கணும், ரிவெட் கூடச் சேர்ந்து புடிக்கணும். பசை விட்டுப்போச்சு, உள்ள ஈரம் போய் அரிப்பு, மொத்த சுமையும் ரிவெட் ஓட்டைக்கு வந்து, அந்தக் கூரான ஓட்டை விளிம்புல களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப சுமை ஏறி இறங்குறதால வர்றது) வரிசையா வந்து ஒண்ணோடொண்ணு சேர்ந்துடுச்சு. அந்தப் பட்டியை ஐஸ்ல வெச்சு அனுப்புவாங்க, முழுசா அறை வெப்பத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பிரிச்சா மேல ஈரம் பூக்கும், அந்த ஈரத்தோட ஒட்டினா ஆரம்பத்துலயே புடிப்பு குறைவு.

ஃப்ரிட்ஜ்ல வெச்ச பசை கார்ட்ரிட்ஜை எடுத்த கையோட பிரிக்கிறவங்க கவனிங்க. மூடினபடியே வெளிய வெச்சு, முழுசா சூடு ஏறின பிறகு பிரிங்க.

2024 ஜூன் 7, கொஞ்ச நேரம் கழிச்சு

சூப்பர் க்ளூ போடலாமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. வேணாம். அதுல இருக்கிற சயனோஅக்ரிலேட் ஷியர்ல நல்லாத்தான் நிக்கும், ஆனா தட்டினா, உரிச்சா, ஈரச் சூட்டுல வெச்சா போயிடும். டிரிம் பிளாஸ்டிக் ஒட்டுறதோட நிறுத்திக்கோங்க.

2024 ஜூன் 9

நேத்து ஒரு பழைய டோரை வெட்டி விரிச்சேன், அதைப் பத்தி எழுதணும்.

டோர், பானெட், டிக்கி எல்லாத்துலயும் வெளித் தகட்டோட ஓரத்தை உள் தகட்டு மேல மடிச்சு அமுக்கியிருப்பாங்க, ஹெம்னு சொல்றது. அந்த மடிப்புக்குள்ள பசை இருக்கும். வெளித் தகட்டுல வெல்டு அடிச்சா வடு தெரியும், அதனால பசை. பெயின்ட் ஓவன்ல 170, 180 டிகிரியில பாடி வேகும்போது அதுவும் கூடவே இறுகிடும். பெரும்பாலான வண்டியில இந்தப் பசை பிறந்ததுலருந்து இருக்கு, யாரும் பாக்கிறதில்ல.

நான் விரிச்ச டோர்ல, பசை மடிப்பு முழுக்க நிறைஞ்சு இருந்த இடத்துல உளியால பிளந்தா ரெண்டு பக்கமும் பசை ஒட்டிக்கிட்டு வந்துச்சு, கீழ சுரண்டினா துத்தநாகப் பூச்சு அப்படியே மங்கலா இருந்துச்சு, துரு ஒரு புள்ளி கூட இல்ல. அங்கருந்து ஒரு சாண் தள்ளி, பசை கோடு மெலிஞ்சு காத்து அடைபட்டிருந்த இடத்துல, கீழ் ஓரம் செதில் செதிலா வந்துச்சு. ஒரே டோர், ஒரே தகரம், ஒரே பசை, ஒரே வயசு. வித்தியாசம் பசை நிறைஞ்சிருந்ததா இல்லையாங்கிறது மட்டும்தான். அடில தண்ணி வடியுற ஓட்டை மண்ணு அடைச்சிருந்தது தனிக்கதை, அதைக் குச்சி விட்டு சுத்தம் பண்ணிட்டு வந்தாலே அந்த டோர் இன்னும் நெடுநாள் வந்திருக்கும்.

அதனால பசை எத்தனை வருஷம்னு கேட்டா என்னால ஒரு எண்ணைச் சொல்ல முடியாது, சொல்றவங்களையும் நம்ப மாட்டேன். லேப்ல ஒட்டின துண்டை நனைச்ச பஞ்சுல சுத்தி, பிளாஸ்டிக்ல கட்டி, 70 டிகிரியில ஒரு வாரம் வெச்சு, அப்புறம் உறைய வெச்சு இழுத்துப் பாப்பாங்க. இது எது மோசம் எது தேவலைன்னு பிரிச்சுக் காட்டும், இத்தனை வாரம் இத்தனை வருஷத்துக்குச் சமம்னு சொல்லாது. அதுலயும் சுமை ஏத்தாம ஈரத்துல வெச்சா ஒரு கதை, சுமையோட ஈரத்துல வெச்சா வேற கதை. ரெண்டும் சேர்ந்தாத்தான் பசை வேகமா விடும். வண்டியில ரெண்டும் சேர்ந்தேதான் வரும்.

2024 ஜூன் 10

முதல் நாள் பீல்ல பலவீனம்னு எழுதினதைப் படிச்சுட்டு, அப்படின்னா முழு வண்டியையே எப்படி ஒட்டுறாங்கன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி.

லோட்டஸ் எலீஸ், 1996. அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியா தள்ளி எடுத்த நீளச் சட்டம்) துண்டுகளை எபாக்ஸியால ஒட்டி, ஓவன்ல வேகவெச்சு செஞ்ச சேஸி, மொத்தமே 68 கிலோ சுமார். வெல்டு இல்ல. வெல்டு அடிச்சா அலுமினியம் சூட்டுல மெத்துனு ஆகும், வளையும், அதுக்காகவே தடிமன் கூட்டணும், ஒட்டினா மெல்லிசா வெச்சுக்கலாம். ஆனா அந்த சேஸியைக் கவனமா பாத்தீங்கன்னா ஜாயின்ட் முனைகள்ல ஸ்க்ரூ இருக்கும். அது சுமை தூக்க வெச்சதில்ல, விபத்துல முனை உரிய ஆரம்பிச்சா அதைத் தடுக்கத்தான். எக்ஸ்ட்ரூஷன்லயே ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற மாதிரி நாக்கு-பள்ளம் வெச்சு, விசை முடிஞ்ச வரைக்கும் ஷியராவே வர்ற மாதிரி வடிவமைச்சிருக்காங்க. ஒரு தடவை அதை நேர்ல தடவிப் பாக்கக் கிடைச்சுது, வேலைன்னா இதுன்னு தோணுச்சு.

ஜாகுவார் எக்ஸ்ஜே 2003ல வந்தப்போ அலுமினிய பாடியில 3,000க்கு மேல குத்து ரிவெட்டும் (முன்னாடியே ஓட்டை போடாம நேரா குத்தி இறக்குறது) 100 மீட்டருக்கு மேல பசையும். 2015 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் பாடியும் ரிவெட்டும் பசையும் சேர்ந்ததுதான். ஸ்டீல் வண்டியில ஸ்பாட் வெல்டும் பசையும். ஸ்பாட் வெல்டு அஞ்சாறு மி.மீ. பொட்டு, அடுத்தது மூணு நாலு சென்டிமீட்டர் தள்ளி. நடுவுல தகரம் மூச்சு விடும், விசை எல்லாம் பொட்டு ஓரத்துல குவியும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். நடுவுல பசை ஓடினா சுமை கோடு முழுக்கப் பரவும், பாடி முறுக்கு குறையும், களைப்பு ஆயுள் நல்லா கூடும், தண்ணியும் உள்ள போகாது. பசைக்கு உரிபடறது பயம், அதை வெல்டு புடிச்சுக்கும். வெல்டுக்குக் களைப்பு பயம், அதைப் பசை பாத்துக்கும். வெல்டா பசையான்னு சண்டை போடுறவங்க ரெண்டுல ஒண்ணை மட்டும் பாக்குறாங்க.

2024 ஜூன் 12

இதைச் சொல்லாம விட்டா இங்க எழுதினதெல்லாம் ஆபத்து.

2017ல அமெரிக்காவுல டல்லஸ்ல ஒரு வழக்கு தீர்ப்பாச்சு. 2010 மாடல் ஹோண்டா ஃபிட், ஆலங்கட்டி மழையில கூரை பழுதாகி, ஒரு பாடி ஷாப்ல கூரையை மாத்தியிருக்காங்க. கம்பெனி சொன்ன முறை ஸ்பாட் வெல்டு. ஷாப்ல பசை போட்டு ஒட்டிட்டாங்க. வண்டி கை மாறி, வாங்கினவங்களுக்கு விஷயமே தெரியாது. 2013ல விபத்து, ஆளுங்க உக்கார்ற கூண்டு சுருங்கி, தீப்பிடிச்சு, உள்ள இருந்த தம்பதி மாட்டிக்கிட்டாங்க, பிழைச்சாங்க, ஆனா கடுமையான காயம். ஜூரி மொத்தம் 4.2 கோடி டாலர் அளவுக்கு நஷ்டஈடு போட்டு, பெரும்பங்கு பொறுப்பை ஷாப் மேல வெச்சாங்க.

அந்தப் பசை நல்ல பசை. அலமாரியில இருக்கிற எந்த பேனல் பாண்டிங் பசைக்கும் சளைச்சதில்ல. ஆனா அந்தக் கூரை, மோதினா விசை எந்த வழியா போகணும்னு வெல்டு பொட்டுகளை வெச்சுக் கணக்குப் போட்ட கூண்டோட ஒரு பாகம். அதுல ஒரு பக்கத்தை மாத்தினா மொத்தக் கணக்கும் மாறிடும். அதனால "பசைதான் ஸ்ட்ராங்"னு ஒரு ஷாப் சொன்னா நான் கேக்குற ஒரே கேள்வி, இந்த வண்டிக்கு, இந்தப் பாகத்துக்கு, கம்பெனி ரிப்பேர் மேனுவல்ல என்ன போட்டிருக்கு? காட்டுங்க. க்வார்ட்டர் பேனல்ல சில வண்டிக்குப் பசையும் வெல்டும் சேர்த்துச் சொல்லியிருப்பாங்க, சிலதுக்கு வீல் வளைவுல மட்டும் பசை, பில்லர்ல (கூரையைத் தாங்குற தூண்) வெல்டு. டோர் வெளித் தகடு மாத்துறதுன்னா பசை தாராளமா சரி. ரெயில் (அடிச்சட்டம்), பில்லர், கூரைச் சட்டம்னா மேனுவல் சொல்லாம தொடக்கூடாது.

2024 ஜூன் 13

இதே மாதிரி எதிர்ப்பக்கமும் நடக்குது. கம்பெனியில பசையும் ரிவெட்டும் போட்டு வந்த இடத்துல, அடுத்த வேலைக்காரர் பக்கத்துலயே வெல்டிங் அடிப்பார். வெல்டு அழகா இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு மேலயே பசை கருகியிருக்கும், வெளிய தெரியாது. அந்தக் கருகின இடத்துலதான் அடுத்த மழைக்குத் தண்ணி உக்காரும். புகையும் மூச்சுக்கு ரொம்பக் கெடுதல், மாஸ்க் இல்லாம நிக்காதீங்க.

2024 ஜூன் 15

அலுமினியக் கூரையை ஸ்டீல் பாடியில ஒட்டுறதைப் பத்திக் கேட்டாங்க. ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, அலுமினியமும் ஸ்டீலும் ஈரத்துல தொட்டுக்கிட்டா பேட்டரி மாதிரி அலுமினியம் கரையும், பசை நடுவுல நின்னு பிரிச்சு வெக்கிறது இங்க பெரிய உதவி. இன்னொண்ணு சூடு. ஒரு டிகிரி ஏறினா அலுமினியம் பத்து லட்சத்துல 23 பங்கு நீளும், ஸ்டீல் 12. ஒன்றரை மீட்டர் கூரை வெயில்ல 60 டிகிரி ஏறினா ரெண்டுக்கும் ஒரு மி.மீ. வித்தியாசம். முனைக்கு அரை. ஓவன்ல 160 டிகிரி ஏறினா ரெண்டரை மி.மீ.க்கு மேல. பசைக்கோடு 0.3 மி.மீ. தடிமன் கெட்டி எபாக்ஸின்னா ஓவன்ல நீண்ட நிலையில இறுகிட்டு, ஆறும்போது தகடு சுருங்கி இழுக்க, பசையில நிரந்தரமா விசை பூட்டிக்கும், இல்ல கூரை அலை அலையா ஆயிடும். அங்கெல்லாம் ரெண்டு மூணு மி.மீ. தடிமன்ல ரப்பர் மாதிரி இழுபடற பாலியூரித்தேன் போட்டு, முனையில அந்த அரை மி.மீ.யை அது தாங்கட்டும்னு விடுவாங்க. இழுத்துப் பாத்தா அதோட நம்பர் எபாக்ஸியில கால்வாசி கூட வராது. அந்த இடத்துக்கு அதுதான் சரியான பசை.

முன்கண்ணாடியும் அதே சாதிதான். பாலியூரித்தேன், காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துக்கிட்டு இறுகும். பயணி பக்க ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடி மேலதான் முட்டி நிக்கும், அதனால மாத்தின உடனே வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க, பசை போட்டவர் சொல்ற நேரம் காத்திருங்க. கண்ணாடி ஓரத்துல இருக்கிற கறுப்புப் பட்டை அழகுக்கு மட்டும் இல்ல, வெயில்ல புற ஊதாக் கதிர் பசையைத் தின்னாம மறைக்கத்தான். மாத்தும்போது பழைய பசையை முழுசா சுரண்டி பெயின்ட்டைக் காயப்படுத்தாம, ஒண்ணு ரெண்டு மி.மீ. விட்டு வெட்டி அது மேலயே புதுசு போடுறது நல்ல வேலைக்காரரோட அடையாளம். கத்தி கீறின இடத்துல பிரைமர் (அடிப்பூச்சு) வெக்கலன்னா துரு அங்கருந்து பசைக்கு அடியில ஓடும். மறுபடி துருதான்.

2024 ஜூன் 18

எப்படி ஒட்டணும்னு நிறைய பேர் கேட்டதால, நான் செய்யுறதை எழுதுறேன். ரெண்டு பாகம் கலக்குற எபாக்ஸி, ஸ்டீல் டோர் தகடுன்னு வெச்சுக்கோங்க.

முதல்ல எண்ணெய் போக சால்வென்ட் (கரைப்பான்) போட்டுத் துடைக்கணும், அப்புறம்தான் தேய்க்கணும். எண்ணெயோட எமரி போட்டா எண்ணெயை உலோகத்துக்குள்ள தேய்ச்சு ஏத்துறீங்க. தேய்ச்ச பிறகு மறுபடி துடைக்கணும், ஒரு துணியால நனைச்சு இன்னொரு சுத்தமான துணியால உடனே எடுக்கணும், தானா காய விட்டா அழுக்கு அங்கயே படியும். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பளபளப்பு ஸ்ப்ரே எதுவும் அந்த அறையிலயே இருக்கக்கூடாது, சிலிக்கான் காத்துல மிதந்து வந்து படிஞ்சா எந்தப் பசையும் புடிக்காது.

சோதனைக்குத் தண்ணி போதும். சுத்தமான தண்ணியைத் தெளிச்சா படலமா விரிஞ்சு நின்னா சுத்தம், முத்து முத்தா உருண்டா இன்னும் எண்ணெய் இருக்கு. பாத்த பிறகு நல்லா காய வெக்கணும். தேய்ச்ச உலோகத்தை நாளைக்கு ஒட்டலாம்னு விடாதீங்க, அலுமினியம்னா அதே மணி நேரத்துல.

கார்ட்ரிட்ஜ் முனையில கலக்குற குழாய் மாட்டினதும் முதல்ல வர்றதை ஒரு அட்டையில விடுங்க, ரெண்டு நிறமும் ஒண்ணா வர்ற வரைக்கும். அப்புறம், பெரும்பாலானவங்க தவறவிடற இடம் இதுதான்: தேய்ச்சு வெளுத்த உலோகம் முழுக்க, ரெண்டு பக்கமும், பிரஷ்ஷால மெல்லிசா பசை தடவணும், அது மேலதான் கோடு போடணும். நீங்க துத்தநாகத்தைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க, இனிமே அந்த இரும்புக்குப் பசைதான் சட்டை. கோட்டை நடுவுல விட்டு ஓரத்துல வெறும் இரும்பா விட்டா துரு அங்கருந்து உள்ள வரும்.

கிளாம்ப் முறுக்கி முறுக்கி இறுக்காதீங்க. பசையில கால் மி.மீ. கண்ணாடி மணிகள் கலந்திருப்பாங்க, அந்த இடைவெளியை விட்டு வெக்கத்தான். சேர்த்து வெச்சதைத் தூக்கிப் பாக்காதீங்க, காத்து புகுந்துடும், நகர்த்தணும்னா சறுக்கி நகர்த்துங்க. குளிர்ல இறுக நேரம் எடுக்கும், பத்து டிகிரி குறைஞ்சா சுமார் ரெண்டு மடங்கு நேரம்.

2024 ஜூன் 19

மின்சார வண்டியோட பேட்டரி பேக் பத்தி எழுதச் சொன்னாங்க, சுருக்கமா. 2020ல சீனக் கம்பெனி பிஒய்டியோட பிளேடு பேட்டரி வந்ததுலருந்து செல்லையே மேல் கீழ் தகட்டோட ஒட்டி, பேக் முழுக்க ஒரே கட்டையா வேலை செய்யுற மாதிரி பண்றாங்க. விறைப்பு கூடுது, எடை குறையுது. எனக்குக் கவலை எல்லாம் பிரிக்கிறதுலதான். ஒரு செல் கெட்டா தனியா எடுக்க முடியாது. சூடோ மின்சாரமோ கொடுத்தா விட்டுக்கொடுக்கிற பசைகள் மேல ஆராய்ச்சி நடக்குது, அது சீக்கிரம் வண்டிக்கு வரணும்னு நிஜமாவே ஆசைப்படறேன்.

2024 ஜூன் 22

கடைசியா ஒண்ணு, இதைச் செலவில்லாம யார் வேணா செய்யலாம். ஒவ்வொரு வேலையிலயும் அதே தகரத்துல, அதே நாள், அதே பசையில சின்னத் துண்டுகள் சிலதையும் ஒட்டி வெச்சுடுவேன். ஒண்ணை இறுகினதும் உளியால பிளப்பேன், மீதியை வாளித் தண்ணியில போட்டு வெச்சு மாசக்கணக்கு கழிச்சு எடுத்துப் பிளப்பேன். எவ்வளவு பலம் கொடுத்தோம்னு பாக்கிறதில்ல, பிளந்த முகத்தைப் பாப்பேன். ரெண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தா பசைக்கு நடுவுல கிழிஞ்சிருக்கு, உலோகத்தைத் தயார் பண்ணினது சரி. ஒரு பக்கம் பளபளன்னு வெறும் உலோகமா வந்தா, எவ்வளவு கஷ்டப்பட்டுப் பிளந்திருந்தாலும் அந்த வேலையை நான் வண்டியில விடமாட்டேன். காஞ்ச துண்டுல பசை கிழிஞ்சு, நனைஞ்ச துண்டுல பளபளன்னு வந்தா, தயாரிப்புல ஏதோ இன்னும் குறையுது, பிரைமரை மாத்தியோ தேய்ச்ச முறையை மாத்தியோ மறுபடி துண்டு ஒட்டணும். முழுசா ஒட்டின டோரை வெளிய தட்டிப் பாத்தோ அல்ட்ராசவுண்ட் வெச்சோ இதைக் கண்டுபிடிக்க முடியாது, பசையும் உலோகமும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும், புடிச்சுக்கிட்டு இருக்காது, கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதான். துண்டைப் பிளந்தாத்தான் தெரியும், அதனால துண்டு ஒட்டாம டோர் ஒட்டாதீங்க.